ஒரு வாரம் கழுவாத கண்ணாடி

திங்கட்கிழமை காலை சயானில் ரயில் நின்றபோது, பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் ரஹ்மத் அக்கா இல்லை. அவருடைய தம்பி நின்றிருந்தார். ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், என்னைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அக்கா மௌத்தாயிட்டாவ. நேத்து. அஸர் தொழுகைக்குப் பொறவு அடக்கமும் ஆயிட்டு. ஒங்ககிட்ட நேர்ல சொல்லச் சொல்லி உம்மா அனுப்பிச்சு" என்றார். நான் ஏதோ கேட்க வாயைத் திறப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. இரண்டு மூன்று எட்டு கூடவே ஓடி வந்து, "ஆபீஸ்லயும் சொல்லிருங்க" என்றார்.

அடுத்த நிலையம் மாட்டுங்கா. இறங்கித் திரும்பியிருக்கலாம். நான் இறங்கவில்லை. பத்து மணிக்கு, வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க, ஒரு குழந்தையின் ரத்தம் வருவதாக இருந்தது. உடலைவிட்டு வெளியே எடுத்த வெள்ளணு காத்திருக்காது. "நாம லேட்டாப் போனா அதுக செத்துப் போயிரும். பொறவு யாரைப் போய்ப் பாக்க?" என்று தாமதமாகும் நாளிலெல்லாம் ரஹ்மத் அக்கா சொல்வார். அதையே சாக்காக வைத்துக்கொண்டு, எப்போதும் போல பரேலில் இறங்கி, எப்போதும் போலப் படியேறினேன். எங்கள் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தின் உதவியாளர் கண்பத் எப்போதும் போலக் கேட்டார்: "நார்மல் ஆயீ க்யா?" நார்மல் வந்தாச்சா என்று. அவரிடம்தான் முதலில் சொன்னேன். கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ரஹ்மத் அக்காவுக்கு அந்தப் பெயர் ஏன் என்று பிறகு சொல்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு மாட்டுங்காவில் கூடும் நம் வாசக வட்டத்தில் ரஹ்மத் அக்காவை எல்லோருக்கும் தெரியும். கதவோரத்து நாற்காலியில் உட்கார்பவர், கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் வரை யாரோடும் பேசாதவர் என்று. தாராவிக்காரர். அப்பாவுக்குத் தோல் பை தைக்கும் சிறிய பட்டறை. பத்து வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, நகராட்சிப் பள்ளியில் படித்து, சோதனைக்கூடப் பயிற்சி முடித்து, எனக்கு ஐந்து வருடம் முன்னால் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர். முப்பத்தைந்து வயது. நம்மில் பலர் நினைத்ததுபோல அவர் என் மேலதிகாரி இல்லை. எங்கள் இருவர் நாற்காலிக்கும் ஒரே உயரம்தான்.

"நீங்க ரெண்டு பேரும் அங்க என்னதான் பண்றீங்க?" என்று ஒரு கூட்டத்தில் வங்கி நண்பர் கேட்டது நினைவிருக்கலாம். நான் ஆரம்பித்தேன். நொதி, எலெக்ட்ரான் என்று நான் சொல்லச் சொல்ல இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். ரஹ்மத் அக்கா குறுக்கிட்டார்.

"ரத்தத்துல வெள்ளணுன்னு ஒண்ணு இருக்குல்லா சார், அது கிருமியைப் பிடிச்சு முழுங்கும். முழுங்கினா போதுமா? உள்ள வச்சுக் கொல்லணும். அதுக்கு ஒரு மெஷின். ஆக்சிஜனை வாங்கி விஷமா மாத்தி கிருமி மேல ஊத்தும். ஆனா அந்த மெஷின் முழுசா எங்கயும் இருக்காது. ரெண்டு துண்டு சுவர்ல பதிஞ்சு கெடக்கும். மத்த துண்டெல்லாம் உள்ள தண்ணியில அலையும். கிருமி வந்துட்டுன்னு தெரிஞ்சா அலையறதெல்லாம் ஓடிவந்து சுவத்துத் துண்டோட மாட்டிக்கிடும். அப்பத்தான் ஓடும்."

"மாட்டியே வச்சிருந்தா நேரம் மிச்சம்தானே?" என்றார் நண்பர்.

"பட்டாசுக் கம்பெனியில மருந்தையும் திரியையும் ஒரே ரூம்ல வைப்பாங்களா சார்? வச்சா ஒங்க பேங்க்குல லோன் குடுப்பீங்களா?"

அன்றைக்கு நாம் எல்லோரும் சிரித்தோம். ஆறு மாதத் தாமதமாகக் கடல் தபாலில் வந்துசேரும் சஞ்சிகைகளை இன்றைக்கும் படிக்கிறேன். அலைகிற துண்டுகள் எத்தனை, எது முதலில் வந்து சேர்கிறது என்று வெளிநாடுகளில் இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வருகிறார்கள். படிக்கும்போதெல்லாம் என் காதில் கேட்பது அந்தப் பட்டாசுக் கம்பெனிதான்.

சில குழந்தைகளுக்கு அந்தத் துண்டுகளில் ஒன்று பிறவியிலேயே இருப்பதில்லை. மெஷின் கூடுவதில்லை. முழுங்கிய கிருமி உள்ளேயே உயிரோடிருக்கும். கழுத்திலும் ஈரலிலும் சீழ் கட்டும். அதைக் கண்டறிவதுதான் எங்கள் வேலை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்து, மஞ்சள் சாயம் ஒன்றை ஊற்றி வெதுவெதுப்பில் வைப்போம். மெஷின் ஓடுகிற வெள்ளணுவுக்குள் மஞ்சள் சாயம் கருநீலமாக மாறும். ஓடாத அணு அப்படியே வெளிறிக் கிடக்கும். ஒவ்வொரு முறையும் நோயாளியின் ரத்தத்தோடு ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் வைத்துப் பார்த்தாக வேண்டும். அது நீலமானால்தான் சாயம் சரி, சூடு சரி, சோதனை செல்லும். நான் சேர்வதற்கு முன்பிருந்தே அந்த ஆரோக்கியமான ஒருவர் ரஹ்மத் அக்காதான். வியாழக்கிழமைதோறும் இடது கை மோதிர விரலை அவரே குத்திக்கொள்வார். வைரப் பென்சிலால் கண்ணாடியின் ஓரத்தில் 'ர' என்று கீறுவார். அதனால்தான் கண்பத்துக்கு அவர் நார்மல்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பார்த்து முடித்த கண்ணாடிகளை ஒரு வாரம் கழுவ விடமாட்டார். கண்ணாடிக்குத் தட்டுப்பாடு, கழுவிக் கழுவித்தான் பயன்படுத்த வேண்டும். ஆனாலும் மரச் சட்டத்தில் அடுக்கி வைத்துவிடுவார். "இன்னைக்கு நம்ம கண்ணு களைச்சுப் போயிருக்கும். அடுத்த வாரம் வேற கண்ணு வரும்" என்பார். எனக்கு அது வீண் பிடிவாதமாகத் தெரிந்தது.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஒரு மழைக்கால வியாழன். முந்தைய நாளே ரஹ்மத் அக்கா விடுப்புச் சொல்லியிருந்தார். சொந்தத்தில் ஏதோ விசேஷம் என்றார். "நாளைக்கு ஒன் விரலைக் குடு. உசுரு போயிராது" என்று சொல்லிவிட்டுப் போனார். என் ரத்தத்தை நான் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும் என்பதை அவரிடம்கூட நான் சொன்னதில்லை. நாளெல்லாம் பிறர் ரத்தத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி அதை எப்படிச் சொல்வது? அன்று செம்பூருக்கும் குர்லாவுக்கும் நடுவில் ரயில் நின்றுபோய், தண்டவாளத்தில் தண்ணீருக்குள் நடந்து, பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தேன். சாப்பிடவில்லை. சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

பேச்சியம்மாள் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். தாராவியிலிருந்து அதே மழையில். இடுப்பில் இரண்டு வயது மகன், கழுத்தில் கட்டிமேல் கட்டி. இந்தப் பையனுக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் இதே போலக் கட்டி வந்து, ஒரு வயதுக்குள் போய்விட்டார்கள் என்று வார்டிலிருந்து வந்த சீட்டில் எழுதியிருந்தது. ஊசியைப் பார்த்ததும் பையன் வீறிட்டான்.

"எனக்கும் குத்துங்கம்மா. அம்மாவுக்கும் குத்துதாவன்னு பாத்தா அழ மாட்டான்" என்று பேச்சியம்மாள் விரலை நீட்டினார்.

நான் அந்த விரலைக் குத்தினேன். பையன் அழுகையை நிறுத்தினான். அந்தச் சொட்டையே ஆரோக்கியமான ரத்தமாக வைத்துக்கொண்டேன். நல்ல உடம்புக்காரர், நோய் இல்லாதவர், கண்முன்னே இருக்கிறார். எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெம்பு இல்லை. பிறப்பிலேயே வரும் நோய்க்குச் சாட்சியாகப் பெற்ற தாயின் ரத்தத்தை வைக்கக் கூடாது என்பது எனக்குப் பாடமாகத் தெரிந்ததுதான்.

பையனின் கண்ணாடியில் ஒரு நீலம்கூட இல்லை. ஆனால் தாயின் கண்ணாடியிலும் பாதி அணுக்கள் வெளிறிக் கிடந்தன. நார்மல் சரியில்லையென்றால் சோதனை செல்லாது. பதிவேட்டில் எழுதினேன்: 'சாயம் பழையது. செல்லாது. அடுத்த வியாழன் மீண்டும்.' பேச்சியம்மாளிடம் அடுத்த வாரம் வரச் சொன்னேன். "இன்னும் ஒரு வாரமா?" என்று மட்டும் கேட்டார். பையனை முந்தானையால் மூடிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். கண்ணாடிகளைக் கழுவும் தட்டில் போட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

மறுநாள் காலை பதிவேட்டைப் பார்த்த ரஹ்மத் அக்காவுக்குக் கோபம் வந்தது. அவரிடம் நான் கண்ட ஒரே கோபம் அதுதான்.

"எஞ்சாயம் பழசா? புதன்கிழமை சாயங்காலம் கரைச்சது, பழசா?"

"பாதிதான் நீலமாச்சுக்கா."

"யாரோடது பாதி? ஒன்னோடதா?"

கண்பத் பழக்க தோஷத்தில் கண்ணாடிகளைத் தட்டிலிருந்து எடுத்து மரச் சட்டத்தில் அடுக்கியிருந்தார். ரஹ்மத் அக்கா அந்தக் கண்ணாடியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். நீலத்துக்கு இடது கை, வெளிறியதற்கு வலது கை என்று எண்ணும் கருவிகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

"சாயம் கெட்டிருந்தா எல்லாமே மங்கலாத்தான் இருக்கும். இதுல நீலம் நல்ல நீலமா இருக்கு, வெள்ளை சுத்த வெள்ளையா இருக்கு. ரெண்டு கூட்டம். ஏளா வசந்தி, உண்மையச் சொல்லு. யாரு இது?"

"அவனோட அம்மா."

அவர் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "நல்லா ஆளு பிடிச்சே போ" என்றார். பிறகு குரல் தணிந்தது. "அந்தப் பிள்ளையோட அம்மாவே நமக்குப் பதில் எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கா. நீ செல்லாதுன்னு எழுதி அனுப்பிட்டே."

சுவரில் பதிய வேண்டிய ஒரு துண்டுக்கான செய்தி பெண்களிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஆண்களுக்கு ஒன்றுதான். ஒரு பிரதி பழுதான தாயின் உடலில் ஒவ்வோர் அணுவும் ஏதோ ஒரு பிரதியை மட்டுமே படிக்கிறது. நல்லதைப் படித்தவை நீலமாகின்றன. மற்றவை ஆவதில்லை. மகனுக்குப் பழுதான பிரதி போய்ச் சேர்ந்தால் அவனிடம் படிக்க வேறில்லை.

வியாழன்வரை காத்திருக்க ரஹ்மத் அக்கா சம்மதிக்கவில்லை. அன்று மாலையே முகவரிச் சீட்டோடு இருவரும் தாராவிக்குப் போனோம். தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே ஒரு சந்து, அங்கே மேல் தளத்து அறை, செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. "நீ ஏறு. நான் கீழ நிக்கேன்" என்றார். தாராவியிலேயே வளர்ந்தவர் ஏணிக்குத் தயங்குகிறாரே என்று நினைத்தேன். மேலே போய், நாளைக் காலையே பையனோடு வரச் சொன்னதும் பேச்சியம்மாளின் மாமியார்தான் முதலில் பேசினார்.

"திரும்பக் குத்தணுமா? எத்தன தரந்தான் குத்துவீய? ஊர்ல எம்மவனுக்கு வேற பொண்ணு பாத்தாச்சு. இவ வயித்துல ஆம்பளப் பிள்ள தங்காதுன்னு ஊருக்கே தெரியும், ஒங்க ஆஸ்பத்திரிக்குத்தான் தெரியல."

பேச்சியம்மாள் அடுப்பைவிட்டு நிமிரவில்லை. இரண்டு பிள்ளைகளின் சாவையும் அந்த வீடு ஏற்கெனவே அவர் தலையில் எழுதிவிட்டிருந்தது. நாளைக்கு நாங்கள் சொல்லப்போகிற முடிவு அதன் கீழே கையெழுத்துப் போடுவதுபோல ஆகிவிடுமே என்று எனக்குத் திகிலாக இருந்தது. திரும்பி நடக்கும்போது அதைச் சொன்னேன். ரஹ்மத் அக்கா, "மொதல்ல அவளுக்குத் தெரியணும். அவளுக்குத் தெரியாம அவளைப் பத்தி வேற யாருக்கும் தெரியக் கூடாது" என்றார்.

சனிக்கிழமை காலை மூன்று கண்ணாடிகள் வைத்தோம். மகன், தாய், ரஹ்மத் அக்கா. அவருடையது முழுக்க நீலம். மற்ற இரண்டும் முன்பு கண்டபடியே. எங்கள் டாக்டர் மராட்டிக்காரர். வார்டில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை, நானே சொல்கிறேன் என்று ரஹ்மத் அக்கா அவரிடம் அனுமதி வாங்கினார். மாமியாரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பேச்சியம்மாளை நுண்ணோக்கியின் முன் உட்கார்த்தினார்.

"ஒரு கண்ணை மூடிக்கோ. என்ன தெரியுது?"

"நீலமா கொஞ்சம் இருக்கு. வெள்ளையா கொஞ்சம்."

"நீலம் வேலை செய்யறது. வெள்ளை செய்யாதது. இது ஒன் ரத்தம்."

பேச்சியம்மாள் கண்ணை எடுக்கவேயில்லை. அப்படியே குனிந்தபடி கேட்டார்: "அப்ப மூத்தவனுவ ரெண்டு பேரும் என்னாலதான் போனானுவளா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். ரஹ்மத் அக்கா 'இல்லை' என்று சொல்லவில்லை. "ஒன்கிட்ட இருந்துதான் போயிருக்கு. ஒனக்கு ஒங்கம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம். ஒன்னைக் கேட்டு வரல, நீ அனுப்பியும் போகல" என்றார்.

"எனக்குப் பாதிதான் வேலை செய்யுதுன்னா நான் எப்படி நல்லா இருக்கேன்?"

"பாதி போதும், பேச்சி. பாதிய வச்சுக்கிட்டு நெறைய பேரு நிக்காங்க."

வெளியே வந்ததும் மாமியார் எழுந்தார். "யாருக்குக் கொறை? எம்மவனுக்கா, இவளுக்கா?"

"கண்ணாடியில கொறைன்னு எதுவும் தெரியாது ஆச்சி. நீலமும் வெள்ளையுந்தான் தெரியும். பேரன் இருக்கணும்னா தெனம் மாத்திரை குடுக்கணும், ஒரு நாள் விடக் கூடாது. அதைக் கேளுங்க" என்றார் ரஹ்மத் அக்கா.

பேச்சியம்மாள் பையனை இடுப்பு மாற்றிக்கொண்டார். "எனக்குத்தான் அத்தே. என் ரத்தத்துலதான். நானே பாத்தேன்" என்றார். பிறகு அதே குரலில், "தெனம் மாத்திரை குடுக்கப் போறதும் நாந்தான்" என்றார்.

அதன் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. கணவர் சில மாதம் ஊரில் இருந்தார் என்றும், தனியாகத்தான் திரும்பி வந்தார் என்றும் கேள்விப்பட்டேன். மாதம் ஒரு முறை பேச்சியம்மாள் மாத்திரைச் சீட்டுக்கு வரும்போது எங்கள் அறைக்கும் வந்து நிற்பார். பையனுக்கு இப்போது நான்கு வயது. நடுவில் இரண்டு முறை படுக்கையில் கிடந்து எழுந்தான். கழுத்தில் தழும்பு இருக்கிறது.

என் தவறைப் பற்றி ரஹ்மத் அக்கா பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பதிவேட்டில் நான் எழுதியதை அடிக்கவும் இல்லை. அதன் கீழே தன் கையெழுத்தில் 'சாயம் நல்ல சாயம்' என்று எழுதி, கையொப்பமும் இட்டிருந்தார்.

போன புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். உம்மா ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து காகிதங்களை எடுத்து என்னிடம் கொடுத்தார். "நீ படிச்ச பிள்ளை. என்ன எழுதியிருக்குன்னு சொல்லும்மா. எங்ககிட்ட வாயுத் தொந்தரவுன்னுதான் சொன்னா." சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கிப்போயிருந்தது. அறுவை சிகிச்சைக்கு வரச்சொல்லி மூன்று முறை எழுதியிருந்தார்கள். மருத்துவமனை அட்டையின் முதல் தேதி, 'சொந்தத்தில் விசேஷம்' என்று விடுப்பு எடுத்த அந்த வியாழன்.

ஏணி நினைவுக்கு வந்தது. நம் வாசக வட்டத்துக்கு இரண்டு மாடி ஏறி வந்து, கதவோர நாற்காலியில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. பரேலில் மேம்பாலத்தின் நடுவே நின்று, "இரு, அந்த ஃபாஸ்ட் போகட்டும், பாத்துட்டுப் போவோம்" என்பார். ரயில் பார்ப்பதில் இவருக்கு என்ன ஆசை என்று நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துவிடுவேன். தினமும் அவர் மூச்சு வாங்கிய இடத்தில் நின்று நான் இரண்டு பக்கம் படித்திருக்கிறேன்.

அவருடைய வெள்ளணுக்களில் ஒரு குறையும் இல்லை. எங்கள் சோதனைகள் எல்லாம் செல்லும். இதய நோய் அவற்றைப் பாதித்திருக்குமா என்று டாக்டர் கேட்டார், சரிபார்த்துச் சொல்லிவிட்டேன்.

நேற்று பேச்சியம்மாள் வந்தார். "அந்த அக்கா எங்க?" என்றார். சொன்னேன். பையனை இறக்கிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கேட்டார்: "எனக்குப் பாதின்னு சொன்னாவளே, அவுகளுக்கு எம்புட்டு இருந்துச்சு?"

"முழுசும் இருந்தது."

"முழுசும் இருந்துமா போயிட்டாவ" என்றார் பேச்சியம்மாள்.

இதயத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். களைப்பாக இருந்தது. அவருக்கும் விளக்கம் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. பையன் மரச் சட்டத்தைத் தொடப் போனான். கண்பத் அவனைத் தூக்கி ஜன்னலருகே கொண்டுபோய் ரயிலைக் காட்டினார்.

அந்தச் சட்டத்தில் 'ர' என்று கீறிய ஒரு கண்ணாடி இருக்கிறது. அவர் கடைசியாக வந்த வியாழனில் வைத்தது. ஒரு வாரம் கடந்துவிட்டது, அவருடைய விதிப்படியே கழுவிவிடலாம். கண்பத் இரண்டு முறை அதன் அருகே போய் என் முகத்தைப் பார்த்தார். நான் அதை எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கண்ணாடியும், எதையும் செல்லாது என்று எழுதுவதற்கு முன் ஒரு வாரம் விட்டு வைக்கும் வழக்கமும்தான்.

நாளை வியாழன். போன வியாழன் சோதனை எதுவும் வைக்கவில்லை. நாளை ஒரு குழந்தையின் ரத்தம் வருகிறது. கண்பத் இன்றே கேட்டுவிட்டார், நார்மல் யார் என்று. நான் என் இடது கையை நீட்டிக் காட்டினேன். தலை சுற்றும் என்பதையும் சொன்னேன். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.